பல்லைக் குறை சொல்லுமுன்: துணியைத் தள்ளாத பழைய தையல் மெசின்

புதிய பள்ளித் தவணை தொடங்க ஒரு கிழமை இருக்கும்போதே எங்கள் வீட்டு விறாந்தைக்குத் தையல் மெசின்கள் வந்து சேரத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்குக் கிடைத்த இலவசச் சீருடைத் துணியைத் தைத்து முடிக்க வேண்டும். அதற்காக ஆறேழு மாதம் கட்டிலுக்குக் கீழே கிடந்த மெசினை எடுத்துத் துடைத்து, நூல் கோத்து, சக்கரத்தைச் சுற்றினால் ஊசி மட்டும் ஏறி இறங்குகிறது. துணி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரே இடத்தில் பத்துக் குத்து. "அக்கா, பல் தேய்ந்துவிட்டதாம், மாற்ற வேண்டுமாம்" என்று சொல்லிக்கொண்டுதான் முக்கால்வாசிப் பேர் படியேறுகிறார்கள். பல் என்பது ஊசிக்குக் கீழிருந்து துணியைத் தள்ளும் இரும்புப் பற்கள். யார் சொன்னது என்று கேட்டால், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்பார்கள்.

இலங்கையின் வடக்கே, வன்னியில் உள்ள மாங்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நான் திறந்து பார்த்த மெசின்களில், பல் உண்மையாகவே தேய்ந்திருந்தவற்றைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். மற்றவற்றில் இருந்தது பஞ்சு, இறுகிப்போன எண்ணெய், துணியை மேலிருந்து அழுத்தும் பாதம் வளைந்தது, தையல் நீளத்தின் பிழையான இலக்கம். ஆகவே மெசினை இப்போதுதான் கையில் எடுத்திருப்பவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: ஸ்குரூ டிரைவரை மேசை இலாச்சியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

உங்களிடம் இருப்பது என்ன மெசின்?

சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல். வன்னியில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கை மெசின்களும் கால் மெசின்களும் பெரும்பாலும் ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் செய்யப்பட்டவை. அந்தத் தொழிற்சாலை 1885இல் தொடங்கி 1980இல் மூடப்பட்டது. 15கே, 28கே, 66கே, 99கே என்று மாதிரி இலக்கத்தின் பின்னால் வரும் 'கே' அந்தத் தொழிற்சாலை இருந்த கில்போவி என்ற இடத்தைக் குறிக்கிறது. மெசினின் அடித்தளத்தில் பொறித்துள்ள தொடர் இலக்கம் எழுத்தோடு தொடங்கினால் அது 1900க்குப் பிந்தியது. வெறும் எண்ணாக இருந்தால் அதற்கும் முந்தியது. இந்திய உஷாவும் சீனத்துப் பட்டர்ஃபிளையும் பெரும்பாலும் இந்த 15இன் வார்ப்பில் வந்தவை. அதனால்தான் 15க்கு உதிரிப்பாகம் தேடுவது எளிது. கீழ் நூலைக் கொண்டுபோகும் ஷட்டில் படகு வடிவத்தில் நீண்டிருக்கும் 28ஐ வைத்திருப்பவர்கள் ஷட்டிலைப் பொன்போலப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனித் துணி எப்படி நகர்கிறது என்பதைப் பாருங்கள். பாதத்தைத் தூக்கிவிட்டு, நூலையும் துணியையும் எடுத்துவிட்டு, சக்கரத்தின் மேற்பக்கம் உங்களை நோக்கி வரும்படி மெல்லச் சுற்றுங்கள். ஊசி இறங்கும் இடத்தில் உள்ள இரும்புத் தட்டின், அதாவது ஊசித் தட்டின் வெட்டுகளுக்குள்ளிருந்து பற்கள் மேலே வரும், பின்பக்கம் போகும், கீழே இறங்கும், மறைவில் முன்பக்கம் திரும்பும். மேலே, பின்னே, கீழே, முன்னே. இந்த நான்கு அசைவு முறைக்கு 1854இல் காப்புரிமை பெற்றவர் ஆலன் வில்சன் என்ற அமெரிக்கர். மேலே இருக்கும்போதுதான் பல் துணியைத் தள்ளுகிறது. அந்த நேரம் ஊசி துணியை விட்டு வெளியே இருக்க வேண்டும். இந்த ஒழுங்கை ஐந்து நிமிடம் கண்ணால் பார்த்துப் பழகியவருக்கு மீதிக் கட்டுரை பாதி தேவையில்லை.

பற்கள் இந்த நான்கையும் செய்கின்றனவா? மேலே வரவே இல்லையா? மேலே வந்தும் பின்னே போகவில்லையா? வந்தும் போயும் துணியைப் பிடிக்கவில்லையா? மூன்றும் மூன்று வேறு நோய்கள்.

பின்னே போகவில்லை என்றால்

தையல் நீளத்தைப் பாருங்கள். பழைய சிங்கரில் 6 முதல் 30 வரை எண்கள் பொறித்த நெம்பு ஒன்று இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் 30ஐப் பெரிய தையல் என்று எண்ணி அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள். அந்த எண் ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் என்பதைச் சொல்கிறது. 6இல் ஒரு தையல் நான்கு மில்லிமீற்றருக்குச் சற்று மேல். 12இல் இரண்டு மில்லிமீற்றர். 30இல் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. தடித்த காற்சட்டைத் துணியை 30இல் வைத்தால் அது நகரவில்லை என்றுதான் தோன்றும். சீருடைக்கு 12 போதும். சென்ற ஆண்டு ஒரு பிள்ளை முறிகண்டியிலிருந்து பஸ்ஸில் மெசினை மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். நான் நெம்பை 12க்கு இறக்கினேன், தேநீர் கொடுத்தேன், திருப்பி அனுப்பினேன். அடுத்த பஸ்ஸுக்கு அவள் காத்திருந்த நேரத்தில் பாதிகூடப் பழுதுபார்க்கச் செல்லவில்லை.

எண் இல்லாத, வெறும் திருகாணித் தலை மட்டும் உள்ள பழைய மாதிரிகளில் அதைச் சிறிது சிறிதாகத் திருப்பி, பல்லின் ஓட்டம் கூடுகிறதா குறைகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

மேலே வரவில்லை என்றால்

15இன் பிந்திய மாதிரிகளிலும் 201இலும், மெசினைப் பின்னால் சாய்த்துப் பார்த்தால் அடியில் ஒரு பெரிய கைத்திருகாணி தெரியும். பூ வேலை செய்யும்போது பற்களைக் கீழே இறக்கிவைப்பதற்கானது அது. பாட்டி எப்போதோ தலையணை உறைக்குப் பூப் போட்டபோது இறக்கியதை யாரும் திரும்ப ஏற்றாமல் விட்டிருப்பார்கள். ஏற்றிவிடுங்கள், அவ்வளவுதான்.

அது சரியாக இருந்தும் பற்கள் பாதிதான் எழுகின்றன என்றால், இப்போது ஸ்குரூ டிரைவரை எடுக்கலாம். ஆனால் வீட்டில் கிடக்கும் எதையும் அல்ல. இந்தத் திருகாணிகளின் வெட்டு ஒடுக்கமானது; தடித்த முனையை வைத்து நெம்பினால் வெட்டு சிதைந்துவிடும். சிங்கரின் திருகாணிப் புரிகள் வன்பொருட்கடையில் கிடைக்கும் எந்தத் திருகாணிக்கும் பொருந்தா. ஒன்று தொலைந்தால் தொலைந்ததுதான். ஆகவே ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் பக்கத்தில் வையுங்கள். கழற்றுவது எல்லாம் அதற்குள் போகட்டும்.

முதலில் ஊசியைக் கழற்றுங்கள், பாதத்தைக் கழற்றுங்கள், பிறகு ஊசித் தட்டைக் கழற்றுங்கள்.

போன மாதம் இப்படி ஒன்றைத் திறந்தேன். தட்டைத் தூக்கியதும் பற்கள் தெரியவில்லை. பல் வரிசைகளுக்கு இடையில் பஞ்சு அழுந்தி அழுந்தி கம்பளிபோல ஆகியிருந்தது. தையல் ஊசியின் முனையால் கிளப்பியபோது ஒரே துண்டாக வந்தது, பிள்ளையின் சுண்டுவிரல் அளவு. பக்கவாட்டில் பார்த்தால் மேலே வெள்ளை: இந்த வருடச் சீருடை. அதன் கீழே மங்கிய நீலம். வீட்டுக்காரி யோசித்துவிட்டுத் தம்பியின் வேலைச் சட்டை என்றாள். அதற்கும் கீழே மஞ்சள், பூப்புனித நீராட்டுக்குத் தைத்த பாவாடை. ஆக அடியில் எங்கள் செம்மண் புழுதி எண்ணெயில் குழைந்து செங்கல்லாக இறுகியிருந்தது. அந்தச் செங்கல்தான் பல்லை எழவிடாமல் தாங்கிப் பிடித்திருந்தது. இதே மெசினுக்கு நகரத்தில் ஒரு கடையில் பல் மாற்ற வேண்டும் என்று முற்பணமும் வாங்கியிருந்தார்கள்.

ஊதாதீர்கள். வாயால் ஊதினால் ஈரமும் பஞ்சும் உள்ளே போகும். பழைய பல்துலக்கி ஒன்றும், இறுகியதைக் கிளப்ப ஒரு தடித்த ஊசியும் போதும். பல்லின் அடியையும், கீழ் நூல் சுற்றிய பொபினின் கூடு இருக்கும் இடத்தையும் சுத்தப்படுத்துங்கள். A9 வீதியோரம் வீடு உள்ளவர்கள் மாதம் ஒரு தடவை இதைச் செய்யத்தான் வேண்டும். மற்றவர்கள் ஒரு பெரிய தையல் வேலை முடிந்ததும் செய்யலாம்.

தட்டைத் திரும்பப் பூட்டிய பின் பல் மிக உயரத்தில் இருக்கும் நிலையைப் பாருங்கள். பல்லின் வெட்டு முழுவதும், ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர், தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். முன்னும் பின்னும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். பக்கத்தில் உரசி 'டக் டக்' என்று சத்தம் வந்தால் பல்லைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்திருக்கிறது. பல்லை வெட்டின் நடுவில் நிறுத்தி இறுக்கினால் சரி.

தேங்காய் எண்ணெய் என்ற எதிரி

இதற்கு நான் தனியாக இடம் கொடுப்பேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மெசின் எண்ணெய் எங்கே கிடைத்தது? அம்மா அடுப்படியிலிருந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் கோழி இறகைத் தோய்த்து விட்டார். அந்த நேரத்துக்கு அது ஓடியது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில் உறைந்துவிடும். மார்கழி விடியலில் எங்கள் ஊரில் அந்தக் குளிர் உண்டு. அதைவிடப் பெரிய கெடுதல், நாள் போகப் போக அது பிசினாகி மூட்டுகளை ஒட்டிவிடும் என்பது. கடையில் இப்போது தெளிந்த மெசின் எண்ணெய் தாராளமாகக் கிடைக்கும்போதும் சிலர் பழைய பழக்கத்தை விடுவதாக இல்லை.

மெசினைப் பின்னால் சாய்த்து அடியைப் பாருங்கள். 15இல் பல்லை அசைக்க நீளவாக்கில் இரண்டு தண்டுகள் இருக்கும். ஒன்று பல்லைத் தூக்குகிறது, மற்றது முன்னும் பின்னும் அசைக்கிறது. அவற்றின் முனைகளில் மண்ணிறப் பிசின் தெரிந்தால் அதுதான் உங்கள் நோய். ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு துளி மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தை நூல் இல்லாமல் இருபது முப்பது தடவை சுற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். மறுபடி சுற்றி, வடியும் அழுக்கைத் துடையுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும். அடுப்பிலிருந்து தள்ளி, முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழே வைத்துச் செய்யுங்கள். மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்கும், ஆனால் மசகு ஆகாது. கடைசியில் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு துளி மெசின் எண்ணெய் விடாமல் ஓட்டினால் இரும்பு இரும்பைத் தின்னும்.

மெசினின் கறுப்பு உடலில் உள்ள பொன்னிறப் பூ வேலையில் ஸ்பிரிட் படவிடாதீர்கள். அதன் மேற்பூச்சு அரக்கு. ஸ்பிரிட் அதைக் கரைத்துவிடும். சானிடைசரும் அப்படித்தான். கொரோனா நாட்களில் ஒரு மாமி தன் மெசினைச் சானிடைசரால் துடைத்து, பொன் எழுத்துகளில் பாதியைத் துணியோடு எடுத்துவிட்டார்.

வந்தும் போயும் பிடிக்கவில்லை என்றால்

ஒரு கொப்பித் தாளை எடுங்கள். நூல் இல்லாமல், பாதத்தை இறக்கி, தாளைத் தையுங்கள். தாள் நேராகப் போய், துளைகள் சம இடைவெளியில் விழுந்தால் மெசினின் தள்ளும் பகுதிக்கு நோய் இல்லை; குற்றம் நூலில் இருக்கிறது. தாள் ஒரு பக்கம் சாய்ந்து போனால் பாதம் வளைந்திருக்கிறது. பாதத்தை இறக்கிவிட்டு அதன் இரு விரல்களுக்கும் அடியில் தாள் துண்டைச் செருகிப் பாருங்கள். தளர்வாக நழுவும் பக்கம்தான் தூக்கி நிற்கிறது. புதிய பாதம் வாங்குவதே நல்லது. சுத்தியலால் தட்டி நிமிர்த்தியவர்களின் பாதங்களைப் பார்த்திருக்கிறேன்.

தாள் வழுக்கினால் பாதத்தின் அழுத்தம் குறைவு. பாதத் தண்டுக்கு நேர் மேலே, தலையின் உச்சியில் உள்ள திருகாணியை வலப்பக்கம் திருப்பினால் அழுத்தம் கூடும். ஒரு சுற்றுத் திருப்பி, பார்த்து, மறுபடி ஒரு சுற்று. அழுத்தம் கூடிவிட்டால் மெல்லிய துணியில் பல்லின் தடம் பதியும், சக்கரமும் கனக்கும். சாறம் மூட்டுவதற்கும் நுளம்பு வலைக்கும் ஒரே அழுத்தம் ஒத்துவராது. வலை பல்லுக்குள் இறங்கிச் சிக்கும். அதற்கு அடியில் கொப்பித் தாளை வைத்துச் சேர்த்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்துவிடலாம். பத்திரிகைத் தாள் வேண்டாம், மை ஒட்டும்.

காற்சட்டை மடிப்பில் தையல் மேல் தையல் வரும் தடித்த இடத்தில் மெசின் நின்றுவிடுகிறதா? அங்கே பாதத்தின் முன்பக்கம் மேட்டில் ஏறி, பின்பக்கம் பள்ளத்தில் தொங்குகிறது. அதே தடிப்பில் ஒரு துணித் துண்டை மடித்துப் பாதத்தின் பின்னால் செருகினால் மட்டமாகிப் போய்விடும்.

துணியைக் கையால் இழுத்து உதவுகிறோம் என்று நினைப்பவர்கள்தான் எனக்கு அதிகம் வேலை தருகிறார்கள். இழுத்தால் ஊசி வளையும், வளைந்த ஊசி தட்டில் குத்தும், தட்டின் துளையில் பிசிறு எழும், அந்தப் பிசிறில் நூல் மாட்டும். பிறகு நூல் அறுகிறது என்று இன்னொரு முறைப்பாடு. பிசிறு இருந்தால் நகம் சொல்லும். துளையின் ஓரத்தைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பாருங்கள். மிக மெல்லிய மணற்றாளைச் சுருட்டித் தேய்த்தால் போகும்.

தாள் நன்றாகப் போகிறது, துணிதான் நிற்கிறது என்றால்

துணியைத் தூக்கி அடியைப் பாருங்கள். பறவைக் கூடுபோல நூல் சுருண்டு கிடக்கும். அந்தக் கூடு ஊசித் தட்டின் துளைக்குள் இறங்கித் துணியைப் பிடித்துவைத்திருக்கிறது. கூடு கீழே இருப்பதால் எல்லோரும் பொபினைக் குறை சொல்கிறார்கள். குற்றம் பெரும்பாலும் மேல் நூலில்: மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் இரு வட்டத் தட்டுகளுக்குள் நூல் உட்காரவில்லை. பாதத்தை இறக்கிவைத்துக்கொண்டு நூல் கோத்தால் தட்டுகள் மூடியிருக்கும், நூல் மேலோடு போய்விடும். பாதத்தைத் தூக்கி நூலைக் கோத்துவிடுங்கள், பின் இறக்கி மெல்ல இழுத்துப் பாருங்கள். கையில் பிடிப்புத் தெரிய வேண்டும். பாதத்தை இறக்க மறந்து தைத்தாலும் இதே கூடுதான்.

தொடங்கும்போது நூல் தூக்கும் நெம்பு உச்சியில் இருக்கட்டும். மேல் நூல், கீழ் நூல் இரண்டின் நுனியையும் பின்பக்கம் பிடித்துக்கொண்டு முதல் மூன்று தையலைப் போடுங்கள். கால் மெசினில் மிதி பிழையாகப் போய்ச் சக்கரம் எதிர்ப்பக்கம் அரைச் சுற்றுச் சுற்றினால்கூட உள்ளே நூல் சிக்கும். புதியவர்கள் நூலில்லாமல் ஒரு நாள் முழுக்க மிதித்துப் பழகலாம். அப்போது பாதத்தைத் தூக்கி வையுங்கள், இல்லையேல் துணியில்லாமல் பல் பாதத்தில் உரசி அப்போதுதான் உண்மையாகத் தேயும்.

ஊசியையும் ஒரு தடவை பாருங்கள். அதன் ஒரு பக்கம் நீளமான பள்ளம் ஓடும், நூல் அந்தப் பக்கத்திலிருந்துதான் கண்ணுக்குள் போக வேண்டும். மாறிப் பூட்டினால் தையலே விழாது. சீருடைத் துணிக்கு 14ஆம் இலக்கம், தடித்ததற்கு 16.

பல் தேய்ந்ததை எப்படி அறிவது? வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பல்லின் முனைகள் தட்டையாகி, கண்ணாடித் துண்டுபோல மினுங்கும். விரலை எதிர்த்திசையில் தேய்த்தால் சுரண்டாது. அப்படி இருந்தால் மாற்றத்தான் வேண்டும். 15ஆனால் கடையில் கிடைக்கும், பழைய பல்லைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் ஒத்துப்பார்த்து வாங்குங்கள். ஊசி துணிக்குள் இருக்கும்போதே பல் தள்ளுகிறது என்றால் மட்டும் அதைத் தொடாதீர்கள். அது உள்ளேயுள்ள தண்டுகளின் நேர ஒழுங்கு. பழகிய கை வேண்டும்.

போர்க்காலத்தில் மண்ணில் புதைத்து எடுத்த மெசின்களைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். புதுக்குடியிருப்புப் பக்கத்து அம்மா ஒருவர் 2009இன் தொடக்கத்தில் தன் கை மெசினை இரண்டு யூரியாப் பைகளில் சுற்றி, வளவிலிருந்த பதுங்குகுழிக்குள் வைத்து மண் மூடிவிட்டுப் போனார். கண்ணிவெடி அகற்றி, மீள்குடியேறி, குழியைத் தோண்டியபோது சக்கரம் அசையவில்லை. அப்படிப்பட்ட மெசினின் சக்கரத்தை ஒருபோதும் பலம் போட்டுத் திருப்பாதீர்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். நாங்கள் எல்லா மூட்டுக்கும் மண்ணெண்ணெய் விட்டு, சாக்கால் மூடி, ஒன்பது நாள் காலையும் மாலையும் விட்டுக்கொண்டே இருந்தோம். பத்தாம் நாள் சக்கரம் ஒரு விரற்கடை அசைந்தது. அடுத்த நாள் அரைச் சுற்று. பற்களின் மேல் துருப் பிடித்திருந்தது, ஆனால் அடியில் கூர் அப்படியே இருந்தது. மின்சாரம் ஒரு நாளில் 13 மணி நேரம் நின்ற 2022ஆம் ஆண்டுப் பங்குனிக் கடைசியிலும் அந்த அம்மா அதில்தான் பேரனுக்குக் காற்சட்டை தைத்தார்.